உன் பெயர் உடையாமல் வந்தது

புனே கேம்ப் முழுவதற்கும் பொன்சிங் அண்ணனாகவும், எனக்கு மட்டும் பொன்னண்ணனாகவும் இருந்தவனுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. உன் முதலாம் ஆண்டு நினைவு அட்டை அச்சாகி வந்துவிட்டது. நினைவு நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். உன் பெயரில் ஒரு கொம்பு விலகவில்லை, ஒரு புள்ளி நகரவில்லை. அதற்குள் உன் தங்கச்சி பட்ட பாடு இருக்கிறதே, அதை உன்னைத் தவிர யாரிடம் சொன்னால் புரியும்?

உனக்குத்தான் எழுதுகிறேன். ஆனால் இது நம் ஆட்களின் ஆண்டு மலரில் வரப்போகிறது, உன்னைத் தெரியாதவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை பேசுகிறேன், பொறுத்துக்கொள்.

அப்பா ராணுவக் கிடங்கு வேலைக்காக திருநெல்வேலிப் பக்கமிருந்து புனே வந்தவர். நாம் இருவரும் பிறந்தது இங்கேதான். வீட்டுக்குள் அம்மாவின் தமிழ், படி இறங்கினால் இந்தியும் மராத்தியும். நீ கேம்ப் சந்தில் ஒரு பேக்கரிக்கும் தையல் கடைக்கும் நடுவில் டி.டி.பி. கடை போட்டாய். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு ஸ்டூல். மராத்திக்கும் இங்கிலீஷுக்கும் அந்தச் சந்தில் எத்தனையோ கடைகள் இருந்தன. தமிழுக்கு நீ ஒருத்தன்தான். ஏரவாடாவிலிருந்து பொங்கல் விழா நோட்டீஸ் வரும், கடக்வாஸ்லாவிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரும், நம் ஆலயத்துப் பாட்டுத்தாள் வாரந்தவறாமல் வரும்.

அப்போதெல்லாம் தமிழை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதே பெரிய சடங்கு. நீ இங்கே அழகாக அடித்ததை ஊரில் சித்தப்பா மகன் திறந்தால் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் காற்புள்ளியும் கேள்விக்குறியுமாகக் கொட்டும். அதனால் கடிதத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவாய். பிறகு போன் போட்டுக் கத்துவாய்: "ஏல, முதல்ல எழுத்தப் போடு, பெறவு கடுதாசியத் திற! திறந்துட்டு எழுத்தப் போட்டா என்னலே அர்த்தம்?" சாப்பாடு பரிமாறிவிட்டு இலை தேடுகிறவர்களைப் பார்த்ததுபோல அவ்வளவு கோபம் வரும் உனக்கு.

பிறகு புது முறை வந்தது, எழுத்துக்கள் எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவாயின. நான்கூட, இனிமேல் அண்ணனுக்கு நிம்மதி என்று நினைத்தேன். எங்கே? இங்கிலீஷ் குப்பை போய், கட்டம் கட்டமாக வர ஆரம்பித்தது. கட்டம் போன இடங்களில் எழுத்து உடைந்து வந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். அந்த வட்டம் என்ன என்று ஒருநாள் உன்னிடம் கேட்டேன்.

"அது காலி நாற்காலி, ஏட்டி," என்றாய். "கொம்பு வந்துட்டு. கூட வரவேண்டிய எழுத்து எங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல்ல. அதுக்கு ஒரு நாற்காலியப் போட்டு வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கி."

நான் சிரித்தேன். இன்றுவரை அந்த வட்டத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு நாற்காலிதான்.

செல்லையா தாத்தா இறந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். அவசரத்தில் வேறு எங்கேயோ கொடுத்து அவர்கள் வீட்டார் பாட்டுத்தாள் அடித்துவிட்டார்கள். தாத்தாவின் மனைவி அந்தத் தாளோடு உன் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "தம்பி, இதுல எங்க வீட்டுக்காரர் பேரு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கொம்புகள் பிய்ந்து, நாற்காலிகள் முளைத்து, படத்துக்குக் கீழே என்னவோ இருந்தது. அது பெயரே இல்லை. நீ உடனே உட்கார்ந்து முழுத்தாளையும் மறுபடி அடித்தாய். அடக்க ஆராதனை தொடங்குவதற்குள் நீயே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

அன்றையிலிருந்து உனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. எதையும் எழுத்தாக அச்சகத்துக்கு அனுப்ப மாட்டாய். அடித்து, சரிபார்த்து, கடைசியில் எல்லா எழுத்தையும் கோட்டுப் படமாக மாற்றிவிடுவாய். உங்கள் தொழிலில் அதற்கு 'கர்வ் பண்ணுவது' என்று பெயர். "எழுத்தா அனுப்புனா அவன் மிஷின் வாசிக்கப் பாக்கும், பாத்துட்டு உளறும். படமா அனுப்புனா வாயப் பொத்திக்கிட்டு அப்படியே அடிக்கும்," என்பாய். எந்த அச்சகத்துக்குப் போனாலும் உன் தமிழ் பிறகு உடையவே இல்லை. புனேயில் எத்தனை வீட்டுச் சுவரில், எத்தனை பைபிளுக்குள், உன்னால் முழுசாக இருக்கிற பெயர்கள் இருக்கின்றன என்று நீ ஒருநாளாவது நினைத்துப் பார்த்திருப்பாயா?

இனி என் கதைக்கு வருகிறேன்.

நினைவு நாள் நெருங்கியதும், அட்டை அடிக்க வேண்டும் என்று உன் மகள் ஷைனியும் நானும் பேசினோம். அம்மாவுக்கு நீ செய்த அட்டை போலவே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. படம், கீழே பெயர், அதற்குக் கீழே வசனம், கடைசியில் குடும்பத்தினர். செல்போனில் நானே தமிழில் அடித்தேன். என்ன அழகாக வந்தது தெரியுமா! இப்போது போனில் தமிழ் பிசகுவதே இல்லை, அண்ணே. பேரப்பிள்ளைகள்கூட தமிழில் 'குட் மார்னிங்' அனுப்புகிறார்கள். இவ்வளவு சுலபமா என்று பெருமையோடு பிரமோத்துக்கு அனுப்பிவைத்தேன்.

பிரமோத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சந்தின் பின்பக்கம் அச்சகம் வைத்திருப்பவர், தினமும் உன்னோடு டீ குடித்தவர், உன் தாள்களையெல்லாம் வருஷக்கணக்காக அச்சடித்தவர். மராத்திக்காரர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. தெரிய வேண்டிய அவசியத்தை நீ வைக்கவில்லை. எல்லாவற்றையும் படமாகவே கொடுத்துப் பழக்கிவிட்டாய். அதனால் அவருடைய கம்ப்யூட்டர் ஒருநாளும் தமிழை எழுத்தாகப் பார்த்ததில்லை. என்னுடையதுதான் முதல்முறை.

மாதிரி பார்க்க வரச்சொன்னார். போனேன். அட்டையில் உன் படம், நீ மீசைக்கு மை பூசி எடுத்துக்கொண்டாயே அந்தப் படம். கீழே உன் பெயர். பெயரா அது? பொ-வின் கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், புள்ளிகள் எல்லாம் எழுத்தைவிட்டு இறங்கி ஓரமாக நின்றன. நடுவில் இரண்டு நாற்காலி. பிரமோத் அந்த வட்டங்களைத் தமிழ் அலங்காரம் என்றே நினைத்துவிட்டார். அண்ணனுடைய கடைசி வேலை, சிறப்பாக இருக்கட்டும் என்று, இரண்டுக்கும் தங்க நிறம் வேறு கொடுத்திருந்தார்.

"தாயி, ஏ கோல் கோல் டிசைன் மஸ்த் லக்தா ஹை நா?" என்று ஆசையாகக் கேட்டார், இந்த வட்ட வட்ட டிசைன் பிரமாதமாக இருக்கிறதல்லவா என்று.

தாயி, அதாவது அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவரிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. கத்திவிட்டேன். இந்தியில் தொடங்கி, கோபம் ஏறியதும் தமிழுக்கு வந்து, "எங்க அண்ணன் பேர ஒடச்சுப் போட்டு அதுக்குப் பொன்முலாம் வேறயா?" என்று முடித்தேன். அவருக்கு வார்த்தை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. முகம் சுருங்கிப்போய் நின்றார். எனக்கு உடனே வருத்தமாகிவிட்டது. ஆனால் கண்ணை மூடினால் அந்த இரண்டு காலி நாற்காலிதான் தெரிந்தது. ஊரில் யார் பெயரும் உடையக் கூடாது என்று இருந்தவனுடைய பெயரை, அவனுடைய அட்டையிலேயே உடைத்துக் கொடுப்பதா? ஞாயிற்றுக்கிழமை எப்படி நான் வாசலில் நிற்பேன்?

போனில் சரியாகத்தானே இருக்கிறது, அதைப் படம் பிடித்து அனுப்பினேன். பெரிதாக்கியதும் மழையில் நனைந்த போஸ்டர்போல ஓரமெல்லாம் கரைந்தது. எழுத்துரு இல்லாததுதான் காரணம் என்று, ஷைனி வந்து பிரமோத்தின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருவை ஏற்றிப் பார்த்தாள். எழுத்து வந்தது. கொம்பு மட்டும் பழையபடி பின்னாலேயே நின்றது.

"அத்தை, ஃபான்ட் இருக்கு. பட் இந்த சாஃப்ட்வேர் ரொம்ப ஓல்ட். கொம்ப முன்னாடி வைக்கணும்னு இதுக்குத் தெரியாது," என்றாள்.

உன் மகளின் தமிழ் உனக்குத் தெரியும். தட்டுத் தடுமாறிப் பேசுவாள், வாசிக்க வராது. வாகட்டில் வீடு, ஹிஞ்சவாடியில் வேலை, நாளெல்லாம் கம்ப்யூட்டரோடுதான் பிழைப்பு. ஆனால் அப்பாவின் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னால் விழிப்பாள். அதற்காக நீ அவளைக் கேலி செய்யும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும். உனக்கு அது தெரியுமோ தெரியாதோ.

சரி, அம்மாவின் அட்டை உன் பழைய கம்ப்யூட்டரில் இருக்குமே, அதில் பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று யோசனை வந்தது. அந்தப் பெட்டியை ஷைனி வாகட்டுக்குக் கொண்டுபோய், துணி போர்த்தி வைத்திருந்தாள். தூக்கிக்கொண்டு வந்து பிரமோத் கடையிலேயே திறந்தோம். அண்ணே, ஃபைலுக்கெல்லாம் என்ன பெயர் வைத்திருக்கிறாய்! 'ஷீலா ஷாதி', 'ஷீலா ஷாதி ஃபைனல்', 'ஷீலா ஷாதி ஃபைனல் சச்முச் ஃபைனல்'. யாரோ ஒரு ஷீலாவின் கல்யாணப் பத்திரிகை, நிஜமாகவே இதுதான் கடைசியாம். மூன்று பேரும் சிரித்தோம். அதற்கு முன்னால் நான் கத்தியது அந்தச் சிரிப்பில் போனது.

அம்மாவின் அட்டை கிடைத்தது. திறந்தோம். அம்மாவின் பெயரை அழித்துவிட்டு உன் பெயரை அடிக்கப் போனால், அடிக்க முடியவில்லை. நீதான் எல்லாவற்றையும் கர்வ் பண்ணி வைத்திருக்கிறாயே! அழகாக இருக்கிறது, பார்க்கலாம், அச்சடிக்கலாம். ஆனால் அதில் எழுத்தே இல்லை, எல்லாம் கோடு. புதிதாக அடிக்கலாம் என்றால், உன் பழைய முறையில் எந்த விசையில் எந்த எழுத்து என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அந்த நிமிஷம் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். "பூட்டைப் போட்டுட்டுச் சாவியக் கையோட எடுத்துட்டுப் போயிட்டானே," என்று உன் கம்ப்யூட்டரைப் பார்த்தே திட்டினேன்.

வழி சொன்னது பிரமோத். மெதுவாகத் தாடையைத் தடவிக்கொண்டே, இந்தியில் கேட்டார்: பொன்சிங் பாய் இத்தனை வருஷமாக அடித்த தமிழெல்லாம் இந்தப் பெட்டியில்தானே இருக்கிறது? அவர் பெயரில் வருகிற எழுத்து வேறு எதிலுமா வந்திருக்காது? அதை வெட்டி எடுத்து இங்கே ஒட்டினால் என்ன? கோட்டுப் படம்தானே, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காதே.

நான் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

உட்கார்ந்தோம். ஷைனி ஒவ்வொரு ஃபைலாகத் திறந்தாள். வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் நான் தேடினேன். பிரமோத் வெட்டினார். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு நீ அடித்த தாளில், குழந்தை இயேசுவுக்குச் சாஸ்திரிகள் கொண்டுவந்த 'பொன்' அப்படியே முழுசாக இருந்தது. கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் ப. 'சி' பெரிய வெள்ளிக்கிழமைத் தாளில், சிலுவையிலிருந்து கிடைத்தது. 'ங்'குக்குப் பஞ்சமே இல்லை. பாட்டுகளில் எத்தனையோ இருந்தும், எங்களைச் சிரிக்க வைத்த அந்த ஷீலா கல்யாணப் பத்திரிகையிலிருந்தே எடுக்கச் சொன்னேன். 'எங்கள் அன்பு மகள்' என்று ஆரம்பிக்கிறதே, அதில்.

உனக்கு நினைவிருக்கிறதா? நீ எப்போதும் ஒரே எழுத்துருவைத்தான் போடுவாய். உன் கம்ப்யூட்டரில் எத்தனையோ இருந்தும் வேறு எதையும் தொட மாட்டாய். "கல்யாணத்துக்கும் இதுதானா, சாவுக்கும் இதுதானா? உனக்குச் சலிக்காதா?" என்று நான் கேலி பண்ணுவேன். "ரெண்டுக்கும் வாறது அதே சனம்தானட்டி," என்பாய். அந்த ஒரே எழுத்துருவால்தான், மூன்று இடத்திலிருந்து வந்த எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டின. நீ அங்கே இங்கே மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் உன் பெயர் ஒட்டுப்போட்ட சட்டைபோல இருந்திருக்கும். என் கேலியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அண்ணே.

பிரமோத் ஒவ்வொன்றாகக் கோட்டில் நிறுத்தினார். எல்லாம் வைத்து முடித்ததும் சந்தேகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்து, வட்டம் எதுவும் வேண்டாமா என்று விரலால் காற்றில் வரைந்து காட்டினார்.

"வேண்டாம் பிரமோத். வரவேண்டியவங்க எல்லாரும் வந்தாச்சு," என்றேன்.

ஷைனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியாதவள். ஆனால் சொன்னாள்: "ஆங், இதான் அத்தை. கடை போர்டுல இப்படித்தான் இருக்கும். ஸ்கூல் விட்டு வரும்போது முதல்ல அந்தக் கொம்புதான் தெரியும். அது தெரிஞ்சா அப்பா கடை வந்துருச்சுன்னு ஓடுவேன்."

நான் அழுதேன். அவளும் அழுதாள். பிரமோத் டீ சொல்லப் போவதாகச் சொல்லி எழுந்து போனார், உனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. ஒரு கிளாஸ் கூடுதலாக வந்தது. யாரும் எடுக்கவில்லை, பிறகு அவரே குடித்தார்.

கிளம்பும்போது ஷைனி ஒன்று சொன்னாள். "அத்தை, என் லேப்டாப்ல புது சாஃப்ட்வேர் போட்டு இத வேற மாதிரி பண்ணிருக்கலாம். ஈஸிதான். இப்பதான் தோணுச்சு. பட் வேணாம். இது அப்பா அடிச்சது." உன் நினைவு அட்டையை நீயே அடித்துக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். எழுத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் மீசை ரொம்பக் கறுப்பு என்றுதான் பேச்சு. பெயரைப் பார்த்தார்கள், வாசித்தார்கள், பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்கள். நீ இத்தனை வருஷம் வேலை பார்த்தது இதற்குத்தானே? யாரும் நின்று யோசிக்காமல் ஒரு பெயரை வாசித்துவிட்டுப் போவதற்கு.

உன்மேல் ஒரு குறை மட்டும் பாக்கி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். உன் ஃபைல்களுக்கு உள்ளே, தமிழில் உன் பெயரைத் தேடிப் பார்த்தேன். எதுவும் இல்லை என்றது. அம்மா பெயரைத் தேடினேன், ஷீலாவைத் தேடினேன், செல்லையா தாத்தாவைத் தேடினேன். யாரும் இல்லை. எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள், ஆனால் கோடாக இருப்பதால் கூப்பிட்டால் கேட்கவில்லை. நீ உடையாமல் காப்பாற்றினாய். அந்தக் காலத்தில் அதற்கு மேல் என்ன செய்திருக்க முடியும்? குறை என்று ஆரம்பித்தேன், எழுதும்போதே குறை போய்விட்டது. நன்றிதான் மிஞ்சுகிறது.

இன்னொரு செய்தியைக் கடைசியாகச் சொல்ல வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தேன். ஷைனி ஆபீஸில், ஆஸ்பத்திரிகளில் நோயாளி பெயரைப் பதிந்து சீட்டு அச்சடித்துக் கொடுக்கிற ஒரு மென்பொருள் செய்கிறார்கள். இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இங்கிலீஷ் பெயரைப் போட்டுத்தான் பார்ப்பார்களாம். உன் அட்டை முடிந்த மறுவாரம் ஷைனி அதில் தமிழில் 'பொன்சிங்' என்று போட்டுப் பார்த்திருக்கிறாள். திரையில் சரியாக வந்தது, சீட்டில் கொம்பு கழன்றுவிட்டது. கூடவே ஒரு காலி நாற்காலி. அதைப் படம் பிடித்து, 'இது என் அப்பாவின் பெயர், இது தவறாக வருகிறது' என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். கொஞ்ச நாள் மல்லுக்கட்டிச் சரிசெய்தார்களாம்.

இப்போது ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது வெளியே விடுவதற்கு முன்னால், உன் பெயரை அச்சடித்துப் பார்க்காமல் விடுவதில்லை. அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கொம்பு முன்னால் வர வேண்டும், வட்டம் இருக்கக் கூடாது. நாக்பூர்க்காரர் ஒருவர்தான் மேலதிகாரி. அவர் தன் இடத்திலிருந்தே குரல் கொடுப்பாராம்: "பொன்சிங் டீக் ஹை க்யா?"

ஷைனி சீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வாளாம்: "பொன்சிங் டீக் ஹை, சார்."

பொன்சிங் நன்றாக இருக்கிறாரா, நன்றாக இருக்கிறார். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது, உன்னை நேரில் பார்க்காதவர்கள் ஹிஞ்சவாடியில் உன் சுகம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள், அண்ணே.

நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உன் பெட்டியில் இருக்கிற பாட்டுத்தாள், பத்திரிகை, நினைவு அட்டை எல்லாவற்றையும் எழுத்தாகவே திரும்ப அடிக்க ஆரம்பித்திருக்கிறேன், கூப்பிட்டால் கேட்கிற எழுத்தாக. சமையல் முடிந்து உட்கார்ந்தால் சாயங்காலம்வரை அடிப்பேன், பிழையில்லாமல் அடிப்பேன். அம்மாவின் அட்டையை முடித்துவிட்டேன். நேற்று அவள் பெயரைத் தேடினேன், உடனே வந்து நின்றாள். ஒவ்வொருவராக எல்லோரையும் அப்படி எழுப்பிவிடுவேன், யாருக்கும் காலி நாற்காலி விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கல்யாணத்துக்கும் சாவுக்கும் உன் ஒரே எழுத்துருவைக் கேலி செய்த,
இனி அதையே போடப்போகிற,
உன் தங்கச்சி
எஸ்தர்